மைலேஜ் எங்கே கரைகிறது? கேள்வி பதில்

காரின் எரிபொருள் செலவு குறித்து உறுப்பினர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு, பணிமனையில் நெடுங்காலம் என்ஜின்களோடு பழகியவன் என்ற முறையில் பதில் எழுதியிருக்கிறேன். ஒரே பொருளைப் பலர் கேட்டிருந்த இடங்களில் கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: லிட்டருக்கு 20 கிலோமீட்டர் என்று சொல்லி விற்ற கார் எனக்கு 14 தான் தருகிறது. வண்டியில் கோளாறா, ஐயா?

பதில்: கோளாறு என்று முடிவு கட்டுவதற்கு முன், அந்த 14 எப்படிக் கிடைத்தது என்று பாருங்கள். டேஷ்போர்டில் தெரியும் எண் கணினியின் மதிப்பீடு மட்டுமே. பல வண்டிகளில் அது சற்றுத் தாராளமாகவே காட்டும். டேங்க்கை நிரப்பி, பம்ப் தானாக நின்றதும் ட்ரிப் மீட்டரைப் பூஜ்யமாக்குங்கள். அடுத்த முறையும் அதேபோல் நிரப்பி, ஓடிய தூரத்தை அப்போது பிடித்த லிட்டரால் வகுங்கள். இப்படி மூன்று நான்கு முறை கணக்கிட்டு எடுக்கும் சராசரியைத்தான் நான் நம்புவேன். நிறுவனம் சொல்லும் எண்ணோ, ஆய்வகத்தில் உருளைகளின் மேல் சக்கரங்களைச் சுழலவிட்டு, முன்பே வரையறுத்த வேக அட்டவணைப்படி ஓட்டிப் பெறப்படுவது. ஐரோப்பாவில் பழைய என்.இ.டி.சி. சோதனை நிஜச் சாலையிலிருந்து வெகுவாக விலகிப் போனதால்தான், 2017 முதல் டபிள்யூ.எல்.டி.பி. என்ற கடுமையான முறை அதன் இடத்துக்கு வந்தது. எனவே நெரிசலில் ஓடும் வண்டிக்கு 14 வருவது ஆச்சரியமில்லை.

கேள்வி: அப்படியானால் ஊற்றும் பெட்ரோல் எங்கேதான் போகிறது? மெதுவாக ஓட்டினால் போதாதா?

பதில்: எல்லாக் கேள்விகளுக்கும் வேர் இதுதான் என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன். ஒரு லிட்டர் பெட்ரோலில் ஏறத்தாழ 34 மெகாஜூல் ஆற்றல் இருக்கிறது; அன்றாட ஓட்டத்தில் அதில் கால் பங்கு அளவே சக்கரத்துக்குப் போய்ச் சேர, பெரும்பகுதி ரேடியேட்டர் வழியாகவும் புகைக்குழாய் வழியாகவும் வெப்பமாக வெளியேறிவிடுகிறது. சக்கரத்துக்கு வந்த கால் பங்கைத்தான் காற்றின் தடையும் டயரின் உருளல் தடையும் பிரேக்கும் பங்கு போட்டுக்கொள்கின்றன.

நகரத்துக்குள் பெரும் பங்கைத் தின்பது பிரேக். 1,200 கிலோ எடையுள்ள கார் 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும்போது அதன் இயக்க ஆற்றல் சுமார் 167 கிலோஜூல். அந்த வேகத்தை எட்ட, மேலே சொன்ன கால் பங்குக் கணக்கில், ஏறக்குறைய 20 மில்லிலிட்டர் பெட்ரோல் தேவைப்படுகிறது. சிவப்பு விளக்கு தூரத்திலேயே தெரிந்தும் கடைசி வரை ஆக்ஸிலேட்டரை மிதித்து, பிறகு பிரேக்கில் பாய்ந்து நிற்பவர், அந்த 20 மில்லிலிட்டரைப் பிரேக் தட்டின் சூடாக மாற்றிவிடுகிறார். இப்படி 50 முறை நின்றால் ஒரு லிட்டர் போயிற்று. முன்னால் நான்கைந்து வண்டிகளுக்கு அப்பால் என்ன நடக்கிறது என்று பார்த்து, நேரத்தோடு காலை எடுத்துவிடும் பழக்கத்துக்கு ஈடாக, விலைக்கு வாங்கும் பொருள் எதுவும் இல்லை என்பது என் கருத்து. ஹைபிரிட் கார்கள் நகரத்தில் நல்ல மைலேஜ் தருவதற்கும் இதுதான் முக்கியக் காரணம். வீணாகும் ஆற்றலில் ஒரு பகுதியை அவை பேட்டரிக்குத் திருப்பிக்கொள்கின்றன.

நெடுஞ்சாலையில் கதை வேறு. காற்றின் தடை வேகத்தின் இருமடிக்கேற்ப உயர்கிறது. 80 கிலோமீட்டரிலிருந்து 110க்குப் போனால் வேகம் ஒன்றரை மடங்குகூட ஆகவில்லை, தடையோ ஏறக்குறைய 1.9 மடங்காகிவிடுகிறது. கூரையில் கேரியரைப் பொருத்தி, சுமை ஏற்றாதபோதும் கழற்றாமல் ஓடுகிறவர்களும் இந்தக் கணக்கை நினைத்துக்கொள்ள வேண்டும்.

ஆனால் ஊர்ந்து செல்வதும் சிக்கனமன்று. லேசாக மிதிக்கும்போது பெட்ரோல் என்ஜினின் காற்று நுழையும் வால்வு பெரும்பாலும் மூடியே இருப்பதால், காற்றை உள்ளிழுக்கவே என்ஜின் தன் உழைப்பில் ஒரு பகுதியைச் செலவிடுகிறது. ஆகவே என்ஜின் திணறாத அளவுக்கு, எவ்வளவு சீக்கிரம் மேல் கியருக்கு மாற முடியுமோ அவ்வளவு நல்லது.

கேள்வி: சரிவில் நியூட்ரலில் விட்டால் பெட்ரோல் மிச்சம் என்று என் மாமா பிடிவாதமாகச் சொல்கிறார். உண்மையா?

பதில்: கார்புரேட்டர் காலத்தில் வண்டி ஓட்டியவர்களிடம் இந்த நம்பிக்கை உண்டு. இன்றைய எரிபொருள் இன்ஜெக்‌ஷன் வண்டிகளில், கியரில் இருக்கும்போதே ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தால், ஐடில் வேகத்தை (வண்டி நிற்கும்போது என்ஜின் சுழலும் குறைந்த வேகத்தை) நெருங்கும் வரை எரிபொருள் தெளிப்பதையே கணினி நிறுத்திவிடும். என்ஜினைச் சக்கரம் சுழற்றிக்கொண்டிருக்கும். நியூட்ரலிலோ, என்ஜின் அணையாமல் இருக்கவே பெட்ரோல் ஊற்ற வேண்டும். சமதளத்தில் நியூட்ரலில் வண்டி கூடுதல் தூரம் உருளும் என்பது மெய்தான், அந்த அளவுக்கு மாமாவுக்கு விட்டுக்கொடுக்கலாம். இறக்கத்தில் மட்டும் வேண்டாம்: என்ஜின் பிடிமானம் இல்லாமல் பிரேக்கை மட்டும் நம்பி இறங்கினால் அது சூடேறிச் செயலிழக்கக்கூடும்.

கேள்வி: ஏசியா, ஜன்னலா?

பதில்: மெதுவாகப் போகும்போது ஜன்னல், வேகமாகப் போகும்போது ஏசி. வெயிலில் நின்ற காரென்றால், முதலில் கதவுகளைத் திறந்து அனலை வெளியேற்றிவிட்டு ஏசியைப் போடுங்கள்.

கேள்வி: மாதந்தோறும் ஏர் ஃபில்டர் மாற்றுகிறேன், விலை உயர்ந்த பெட்ரோல் போடுகிறேன், எரிபொருள் குழாயில் காந்தமும் மாட்டியிருக்கிறேன். பலன் தெரியவில்லையே?

பதில்: தெரியாது. ஃபில்டர் அடைத்தால் இழுவை குறையும். ஆனால் உள்ளே வரும் காற்றை அளந்து அதற்கேற்பவே கணினி பெட்ரோலைத் தருவதால் மைலேஜ் பெரிதாக மாறாது. கையேட்டில் சொன்ன இடைவெளியில் மாற்றினால் போதும். விலை உயர்ந்த பெட்ரோலில் கிடைக்கும் அதிக ஆக்டேன் என்பது, என்ஜினுக்குள் எரிபொருள் கட்டுப்பாடின்றித் தானாக வெடித்துத் தட்டல் சத்தம் எழாமல் தாங்கும் திறனே தவிர, கூடுதல் ஆற்றலன்று. காந்தத்தைக் கழற்றிக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டிவிடுங்கள்.

கேள்வி: ஓட்டும் முறை மாறவில்லை, பாதையும் மாறவில்லை. ஒரே மாதத்தில் மைலேஜ் சரிந்துவிட்டது. எங்கிருந்து தேடுவது?

பதில்: முதலில் டயர். வண்டி ஓடாமல் குளிர்ந்திருக்கும்போது அழுத்தத்தை அளந்து, ஓட்டுநர் பக்கக் கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் எண்ணோடு ஒப்பிடுங்கள். டயரின் பக்கச் சுவரில் பொறித்திருப்பது அது தாங்கும் உச்ச அழுத்தம், அந்த அளவுக்கு அடைக்கக் கூடாது. அடுத்து, எந்தப் பிரேக்காவது விடுபடாமல் உரசுகிறதா என்று பாருங்கள்: சிறிது தூரம் ஓட்டி நிறுத்தியதும் ஒரு சக்கரத்தின் அருகில் மட்டும் அனல் அடித்தால் அங்கேதான் சிக்கல். பிறகு வெப்பமானி. நீண்ட நேரம் ஓடியும் முள் மேலேறவில்லை என்றால், ரேடியேட்டருக்குப் போகும் நீரைத் திறந்து மூடும் வால்வான தெர்மோஸ்டாட் திறந்தபடியே சிக்கியிருக்கலாம்; என்ஜின் இன்னும் குளிராகவே இருக்கிறது என்று எண்ணிக் கணினி தேவைக்கு மேல் பெட்ரோல் ஊற்றிக்கொண்டிருக்கும். எச்சரிக்கை விளக்கு எரிந்தால், புகையில் மிஞ்சும் ஆக்சிஜனை அளந்து கணினிக்குச் சொல்லும் ஆக்சிஜன் சென்சாரைச் சோதிக்கச் சொல்லுங்கள். இவை எதுவும் இல்லையென்றால், பெட்ரோலில் எத்தனால் கலப்பு கூடியிருக்கிறதா என்று விசாரியுங்கள். லிட்டருக்கு லிட்டர் பார்த்தால் எத்தனாலின் ஆற்றல் பெட்ரோலின் மூன்றில் இரண்டு பங்கே என்பதால், 10 விழுக்காடு கலந்தாலே ஏறத்தாழ 3 விழுக்காடு ஆற்றல் குறையும்.

கேள்வி: எங்களிடம் இரண்டு கார்கள், ஒன்று லிட்டருக்கு 10, மற்றது 20. இரண்டும் ஒரே தூரம் ஓடுகின்றன. ஒன்றை மட்டும் மாற்றலாம்: 10 தருவதை விற்று 12 தருவதை வாங்குவதா, 20 தருவதை விற்று 25 தருவதை வாங்குவதா?

பதில்: பலரும் இரண்டாவதைத்தான் சொல்வார்கள். 1,000 கிலோமீட்டருக்குக் கணக்குப் போடுங்கள். முதல் மாற்றத்தில் 100 லிட்டர் 83 லிட்டராகி 17 லிட்டர் மிஞ்சுகிறது. இரண்டாவதில் 50 லிட்டர் 40 ஆகி, மிஞ்சுவது 10 தான். அதிகம் குடிக்கும் காரையே முதலில் மாற்றுங்கள்.