கேள்வி – பதில்: அபெபெ ஏன் வெறுங்காலில் ஓடினார்?

பதில்கள்: ஓய்வு பெற்ற உடற்கல்வி ஆசிரியர், வேலூர்

கேள்வி: 1960 ரோம் ஒலிம்பிக் மாரத்தானில் எத்தியோப்பியாவின் அபெபெ பிகிலா வெறுங்காலில் ஓடித் தங்கம் வென்றாராமே! ஷூ வாங்க முடியாத வறுமையா காரணம்?
– ஷூ கம்பெனித் தொழிலாளி, ஆம்பூர்

பதில்: வறுமைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, ஐயா. அபெபெ, பேரரசர் ஹைலே செலாசியின் மெய்க்காவல் படை வீரர். ரோமில் கிடைத்த புது ஷூ அவர் காலுக்குப் பொருந்தவில்லை. ஷூ கடித்தால் என்ன ஆகும் என்று ஆம்பூர்க்காரருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அதுவும் 42 கிலோமீட்டர்! வெறுங்காலில் பயிற்சி செய்து பழகியவர் என்பதால் அப்படியே ஓடத் தீர்மானித்தார். இதைச் சொல்லி அவர்மீது பரிதாபப்படுகிறவர்களைக் கண்டால் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. எவ்வளவு யோசித்து ஓடிய மனிதர் அவர்!

பயிற்சியாளர் ஓன்னி நிஸ்கனனும் அவரும் பாதையை முன்கூட்டியே பார்த்துவைத்தார்கள். முடிவிடத்துக்குச் சற்று முன்னால் லேசான மேடு. அங்கே வேகமெடுப்பது என்று திட்டம். அந்த இடத்தில் நின்றிருந்தது, எத்தியோப்பியாவின் பழம்பெரும் நகரான அக்சுமின் கல்தூண். 1896-ல் அத்வா போரில் எத்தியோப்பியப் பேரரசர் மெனலிக்கிடம் தோற்றோடிய இத்தாலி, 1935-ல் முசோலினி காலத்தில் மீண்டும் படையெடுத்து, எத்தியோப்பியாவைப் பிடித்து, 1937-ல் ரோமுக்குப் பெயர்த்துக்கொண்டு போன தூண் அது.

ஓட்டம் மாலையில் தொடங்கியது. இருட்டியதும் வழிநெடுக இத்தாலியப் படைவீரர்கள் தீப்பந்தம் பிடித்து நின்றார்கள். மொராக்கோவின் ராதி 26-ஆம் எண்ணில் ஓடுவார், அவரைக் கவனி என்று அபெபெவிடம் சொல்லியிருந்தார்கள். ராதியின் சட்டையில் இருந்ததோ 185! தோளோடு தோளாக ஓடியவர்தான் ராதி என்று அறியாமல், அபெபெ 26-ஐத் தேடிக்கொண்டே ஓடினார். தூண் வந்தது, பாய்ந்தார். கான்ஸ்டன்டைன் வளைவை எட்டியபோது 2 மணி 15 நிமிடம் 16.2 விநாடி. உலக சாதனை. ராதி 25 விநாடி பின்னால் வந்தார். எத்தியோப்பியாவின் முதல் ஒலிம்பிக் தங்கம் அது.

2005-ல் அந்தத் தூண் மூன்று துண்டுகளாக விமானத்தில் ஊர் திரும்பியது. 2008-ல் அக்சுமில் நிமிர்ந்தது. 1981-ல் ஜலகண்டேஸ்வரர் சத்துவாச்சாரியிலிருந்து நம் கோட்டைக் கோயிலுக்குத் திரும்பியதைப் பார்த்த வேலூர்க்காரர்களுக்கு அந்த ஊர் மக்களின் பூரிப்பு விளங்கும்.

கேள்வி: நான் 3,000 மீட்டர் ஓடுகிறேன். எத்தியோப்பிய வீராங்கனைகளில் யாரைப் பற்றி முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்?
– பள்ளி மாணவி, காட்பாடி

பதில்: தெரார்து துலு, அம்மா. 1992 பார்சிலோனாவில் 10,000 மீட்டரில் தங்கம் வென்றார். இனவெறி ஆட்சியால் பல்லாண்டுகள் விலக்கிவைக்கப்பட்ட தென்னாப்பிரிக்கா திரும்பி வந்த ஒலிம்பிக் அது. வென்றதும் தெரார்து காத்து நின்று, வெள்ளி வென்ற தென்னாப்பிரிக்க வெள்ளைப் பெண் எலானா மேயரை அணைத்துக்கொண்டார். பிறகு இருவரும் கைகோத்து மைதானத்தை வலம் வந்தார்கள். தாயான பிறகு, 2000 சிட்னியில் அதே ஓட்டத்தில் மறுபடியும் தங்கம்! கல்யாணம் ஆனால் ஓட்டம் முடிந்தது என்று வீட்டில் யாராவது சொன்னால் இந்தப் பெயரைச் சொல். இன்னொன்று: சித்திரை, வைகாசி வெயிலில் பகலில் பயிற்சி வேண்டாம், விடிவதற்குள் ஓடி முடித்துவிடு.