கையெழுத்துப் போட வேண்டாம்

ஐ.நா. அமைதிப்படைப் பணியில், பிடித்து வைத்திருந்த ஒருவரைச் சக வீரர்கள் அடித்ததை உங்கள் அண்ணன் பார்த்திருக்கிறார். "தப்பி ஓடும்போது விழுந்தார்" என்ற அறிக்கையில் இப்போது அவரிடம் கையெழுத்துக் கேட்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். போடவே வேண்டாம் என்று சொல்லுங்கள்.

சண்டையில் எதிரியைச் சுடுவது வேறு, பிடிபட்டு வெறுங்கையோடு நிற்பவரை அடிப்பது வேறு. போர்க்கால நடத்தைக்கு விதி வகுத்த 1949 ஜெனீவா ஒப்பந்தங்கள் இதைத் தடுக்கின்றன. அந்த விதிகளை ஐ.நா. படைகளும் கடைப்பிடிக்க வேண்டும் என்று 1999-இல் பொதுச்செயலாளரே அறிக்கை வெளியிட்டார். "மேலதிகாரி சொன்னார்" என்பது காப்பாற்றாது.

1993-இல் சோமாலியாவுக்குப் போன கனடா வீரர்களின் முகாமில், பதின்ம வயதுப் பையன் ஒருவனை ராத்திரி அடித்தே கொன்றார்கள். அவன் அலறியது பலர் காதில் விழுந்தது. யாரும் தடுக்கவில்லை. 1995-இல் அந்த வீரர்கள் இருந்த ரெஜிமென்ட்டையே, அதாவது படைப்பிரிவையே, கலைத்துவிட்டார்கள். கேட்டும் எழுந்து போகாத அந்தக் காதுகள்தான் என்னை இன்னும் உறுத்துகின்றன.

சரி, ஐ.நா. பணியில் இருந்தாலும் வீரர்மீது வழக்கு நடத்துவது அவருடைய சொந்த நாடுதான். அதனால் முதலில் ராணுவச் சட்டம் தெரிந்த வழக்கறிஞரைப் பார்க்கச் சொல்லுங்கள். அதற்கு முன்பே, இன்றைக்கே, தேதி, நேரம், யார் எங்கே நின்றார்கள் என்று கண்ணால் பார்த்ததை மட்டும் தன் கையால் எழுதி வைக்கட்டும். படங்கள் இருந்தால் அழிக்கக் கூடாது. வாட்ஸ்அப்பில் சக வீரர்களோடு இதைப் பேசவும் வேண்டாம்.

அப்புறம், அவரும் ஓர் அடி அடித்திருந்தால் அதையும் வழக்கறிஞரிடம் மறைக்காமல் சொல்லட்டும்.