ஒரு வாசல், பல செயலி: சுங்கை சிப்புட் அலுவலகங்கள் கேட்டவை

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் வட்டாரத்துத் தோட்டம், ஆலை, லோரி அலுவலகங்களில் கணினியையும் சேர்த்துப் பார்த்துக்கொள்கிறவர்கள் கேட்ட கேள்விகளும் என் பதில்களும் இவை. எல்லாரும் மைக்ரோசாஃப்ட் 365 வைத்திருக்கிறார்கள். சம்பளம், கணக்கு, எடைச் செயலிகளை அதன் எண்ட்ரா ஐடியில் (லாகினைச் சரிபார்க்கும் சேவை) இணைத்து, ஒரே லாகினில் திறக்க வேண்டும் என்பதுதான் வேலை.

தோட்டக் கிராணி: அண்ணே, கண்டிஷனல் ஆக்சஸ் (யார், எங்கிருந்து, எந்தக் கணினியில் திறக்கலாம் என்ற பாலிசிகள்) போடச் சொல்லி மேனேஜர் உத்தரவு. எங்கே தொடங்குறது?

லைசென்ஸிலிருந்து தொடங்குங்க. இதற்கு எண்ட்ரா பி1 வேணும். பிசினஸ் பிரீமியத்தில் அது அடக்கம். பேசிக்கிலும் ஸ்டாண்டர்டிலும் கிடையாது. பி1 இல்லையென்றால் செக்யூரிட்டி டிஃபால்ட்ஸ் (மைக்ரோசாஃப்ட் தருகிற அடிப்படைப் பாதுகாப்பு) போதும், அது ஒன்றும் மோசமில்லை. இரண்டும் சேர்ந்து ஓடாது. டிஃபால்ட்ஸை அணைத்தால், எல்லாருக்குமான எம்எஃப்ஏ (பாஸ்வேர்டுக்கு மேல் இன்னொரு சரிபார்ப்பு) பாலிசியை அந்த உட்காரலிலேயே ஏற்றிவிடுங்க. நடுவில் ஒரு ராத்திரி வாசல் திறந்து கிடக்கக் கூடாது.

அதற்கும் முன்னால் அவசரக் கணக்கு இரண்டு. ஆன்மைக்ரோசாஃப்ட் டாட் காம் என்று முடிகிற பெயரில், குளோபல் அட்மின் உரிமையோடு, எந்த ஆளின் கைப்பேசியோடும் ஒட்டாமல் இருக்கணும். இரண்டையும் உங்கள் பாலிசிகளிலிருந்து விலக்குங்க. விலக்கினாலும் அட்மின் போர்ட்டலுக்குள் போக மைக்ரோசாஃப்ட்டே எம்எஃப்ஏ கேட்கும். 2024 அக்டோபரிலிருந்து படிப்படியாகக் கட்டாயமாக்கிவிட்டார்கள். அதனால் கணக்குக்கு ஒரு ஃபிடோ2 சாவி (கையில் பிடிக்கிற சின்னப் பாதுகாப்புக் கருவி) பதிந்து, ஒன்றை அலுவலகப் பெட்டகத்திலும் மற்றதை வேறொரு கட்டடத்திலும் வைங்க. பாலிசியைத் தப்பாகப் போட்டுத் தன்னையே பூட்டிக்கொள்வதுதான் இந்த வேலையில் நடக்கிற பெரிய விபத்து.

புதுப் பாலிசியை உடனே 'ஆன்' செய்யாதீங்க. ரிப்போர்ட்-ஒன்லியில் (தடுக்காமல் குறித்து மட்டும் வைக்கிற நிலை) விட்டு சைன்-இன் லாகைப் பாருங்க. 7-ஆம் தேதிக்குள் சம்பளம் போடுகிற பரபரப்பு நாட்களும் அந்தச் சோதனையில் வரட்டும். இன்னொன்று: பாலிசிகளுக்குள் மேல் வரிசை, கீழ் வரிசை கிடையாது. பொருந்துகிற எல்லாமே சேர்ந்து வேலை செய்யும். எதாவது ஒன்று 'பிளாக்' என்றால் பிளாக்தான்.

லோரி அலுவலகக் கணக்காளர்: எஸ்ஏஎம்எல் (எண்ட்ரா லாகினைச் செயலி ஏற்கிற முறை) இணைத்தாச்சு. எனக்குத் திறக்குது, மற்றவருக்கு எர்ரர்.

எர்ரரில் AADSTS என்பதை ஒட்டி வருகிற எண்ணைப் படிங்க சார். 50105 என்றால் அந்த ஆளை அந்தச் செயலிக்கு ஒதுக்கவில்லை. குழுவை ஒதுக்கியிருந்தால், குழுவுக்குள் குழு இருக்கிறதா என்று பாருங்க. உள்குழு ஆட்களுக்கு அனுமதி இறங்காது. 50011 என்றால் ரிப்ளை யூஆர்எல் (லாகின் முடிந்து செயலிக்குத் திரும்புகிற முகவரி) பொருந்தவில்லை. ஒரு சாய்கோடு கூடினாலும் குறைந்தாலும் போச்சு, செயலி காட்டுவதை அப்படியே ஒட்டுங்க. 700016 என்றால் பெரும்பாலும் எண்டிட்டி ஐடி (செயலியின் அடையாளப் பெயர்) தப்பு.

எண்ணே வராமல், செயலியே 'இப்படி ஒரு பயனர் இல்லை' என்று சொன்னால் குறை நேம் ஐடியில், அதாவது ஆள் யார் என்று எண்ட்ரா செயலிக்குச் சொல்கிற பெயரில். எண்ட்ரா தானாக அனுப்புவது யூசர் பிரின்சிபல் நேம் (மைக்ரோசாஃப்ட் லாகின் பெயர்). செயலியில் பதிந்திருப்பது கம்பெனி மின்னஞ்சல். இரண்டும் வேறாக இருந்தால் நேம் ஐடியை யூசர் டாட் மெயில் என்று மாற்றுங்க. மாற்றும் முன் எல்லாருக்கும் அந்த மெயில் கட்டம் நிரம்பியிருக்கா பாருங்க.

ஆலை அலுவலகம்: அலுவலக ஐபியிலிருந்து மட்டும் சம்பளச் செயலி திறக்கணும். 192.168-இல் தொடங்குகிற எண்ணைப் போட்டோம், எல்லாருக்கும் அடைச்சுடுச்சு.

அது உள்வீட்டு எண். மேகத்துக்குத் தெரிவது வெளி எண் மட்டும்தான். ரவுட்டரில் வேன் ஐபியை (வெளிப்பக்க எண்) பாருங்க. அது 100.64-க்கும் 100.127-க்கும் இடையில் தொடங்கினால் நீங்க சிஜி-நேட்டுக்குப் பின்னால் இருக்கீங்க: ஒரே வெளி எண்ணை முன்பின் தெரியாத பலரோடு பகிர்கிறீங்க. சிம் கார்டு ரவுட்டர்களில் இது சகஜம். அந்த எண்ணை 'நம்பகமான இடம்' என்று பதிவது, வாசல் சாவியை ஊருக்கே கொடுத்த மாதிரி. பிசினஸ் லைனில் நிலையான ஐபி வாங்குங்க. ஐபிவி6 (புது வகை ஐபி எண்) ஓடினால் அதன் வரம்பையும் சேருங்க. நிலையான ஐபி கிடைக்காத இடத்தில் ஐபியை விட்டுவிட்டு, இன்டியூனில் (மைக்ரோசாஃப்ட்டின் கணினி நிர்வாகச் சேவை) பதிந்த கம்பெனி கணினிக்கு மட்டும் அனுமதி கொடுங்க. என் கணக்கில் அதுதான் மேல்.

எடை மேடைக் கிராணி: ஒரே கணினியில் மூணு ஷிஃப்ட்டு. நேற்று நான் எடுத்த குலை எடையெல்லாம் முந்தின ஷிஃப்ட்டு ஆள் பேரில் ஏறியிருக்கு.

அவர் லாகவுட் செய்யாமல் போயிருக்கார், பிரௌசர் அவரைப் பிடித்து வைத்திருக்கு. எடை மேடைக் கணினிக்கென்று ஒரு பாலிசி போட்டு சைன்-இன் ஃபிரீக்வென்சியை (எத்தனை நேரத்துக்கு ஒருமுறை மறுபடி லாகின் கேட்பது) 8 மணி நேரமாக்குங்க, கூடவே பிரௌசரை மூடினாலும் லாகினை வைத்திருக்கிற பெர்சிஸ்டன்ட் பிரௌசர் 'நெவர்'. இந்த இரண்டாவது கட்டம், செயலிகளில் 'எல்லாம்' என்று தேர்ந்தால்தான் ஏற்கும். ஆனால் எடைச் செயலிக்குத் தனியாக ஒரு செஷன் நேரம் இருக்கும், அதையும் குறைக்கணும். எண்ட்ரா வாசல்காரர் மட்டும்தான். உள்ளே போனவரை எழுப்பி வெளியே அனுப்புவது செயலியின் பொறுப்பு. மூணு பேருக்கும் ஒரே பொதுக் கணக்கு என்ற குறுக்கு வழி மட்டும் வேண்டாம். எடையில் தகராறு வந்தால் யாரைக் கேட்பது?

டிவிஷன் அலுவலகம்: இங்கே லைன் கிடையாது, எஸ்எம்எஸ் எண் வராது.

ஆத்தென்டிகேட்டர் என்ற கைப்பேசிச் செயலியில் 30 விநாடிக்கு ஒருமுறை மாறுகிற ஆறு இலக்க எண்ணுக்கு லைனே வேண்டாம். கைப்பேசி நேரத்தை 'ஆட்டோ'வில் வைங்க, கடிகாரம் நழுவினால் எண் தப்பாகும்.

தோட்டக் கிராணி (மறுபடியும்): மலேசியாவுக்கு வெளியே பிளாக் பண்ணியிருக்கோம். மேனேஜர் கல்யாணத்துக்குச் சென்னை போயிருக்கார். ரூமில் திறக்கலை, வெளியே நின்னால் திறக்குதாம்!

ரூமில் ஹோட்டல் வைஃபை, இந்திய எண். வெளியே நம்ம ஊர் சிம் ரோமிங். அந்த டேட்டா வழக்கமாக நம்ம நாட்டு நெட்வொர்க் வழியாகவே சுற்றி வருவதால் மலேசிய எண்ணாகத் தெரியுது. பாலிசியை அணைக்காதீங்க. 'வெளியூர்ப் பயணம்' என்று ஒரு குழு வைத்து நாட்டுத் தடையிலிருந்து அதை மட்டும் விலக்குங்க, எம்எஃப்ஏ அவருக்கும் தொடரட்டும். திரும்பும் தேதியை நாள்காட்டியில் குறித்து, அன்றைக்கே பெயரை எடுங்க.

கணக்காளர்: வேலையை விட்டுப் போனவரை பிளாக் செய்தால் போதுமா?

போதாது சார். பிளாக் செய்து, ரிவோக் செஷன்ஸ் (ஏற்கெனவே இருக்கிற லாகின்களை ரத்து செய்கிற பொத்தான்) அழுத்தி, ஒவ்வொரு செயலியிலும் அவர் கணக்கை முடக்குங்க. தானியங்கி புரொவிஷனிங் (செயலியில் கணக்குகளை எண்ட்ராவே திறந்து மூடுவது) இருந்தால் செயலிக்குச் செய்தி போக 40 நிமிடம் ஆகலாம். சம்பளச் செயலியில் அதுவரை காத்திருக்காமல் கையாலேயே முடக்குங்க. அவர் எடுத்து வைத்த ஏபிஐ சாவி (வேறு மென்பொருள் செயலிக்குள் நுழையப் பயன்படுத்துகிற ரகசியக் குறியீடு), செயலியின் பழைய பாஸ்வேர்டு இரண்டும் எண்ட்ராவைக் கேட்காமலே உள்ளே விடும்.

ஆலை அலுவலகம்: மூணு வருஷம் ஓடிய இணைப்பு இன்றைக்குக் காலையில் எல்லாருக்கும் செத்துப்போச்சு. யாரும் எதையும் தொடலை.

எஸ்ஏஎம்எல் சான்றிதழ் காலாவதி. வழக்கமான ஆயுள் 3 வருஷம்தான். புதுசு உருவாக்கி, முதலில் செயலியில் ஏற்றி, உடனே எண்ட்ராவில் 'ஆக்டிவ்' ஆக்குங்க. 60, 30, 7 நாள் முன்பே எச்சரிக்கை மெயில் போயிருக்கும், ஆனால் செயலியைச் சேர்த்த அட்மினுக்கு மட்டும். அவர் இன்னும் அங்கே இருக்காரா? அந்த எச்சரிக்கை மெயில் கட்டத்தில் 5 முகவரி வரை போடலாம். அலுவலகப் பொது முகவரி ஒன்றை இப்போதே சேர்த்துடுங்க.