கல்லறைத் திருநாளுக்குள் எல்லாவற்றையும் முடிக்க வேண்டாம்

கேள்வி: கோத்தகிரி பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்தின் மேல்சரிவில் குடும்பக் கல்லறைகள் பதினான்கு இருக்கின்றன, எல்லாம் கொள்ளுத்தாத்தா காலத்திலிருந்து வந்தவை. முப்பது வருடமாக யாரும் கவனிக்காததால் உண்ணிச்செடி மூடிவிட்டது. இரண்டு பளிங்குக் கற்கள் சாய்ந்து நிற்கின்றன, ஒன்று உடைந்துவிட்டது. நவம்பர் 2, கல்லறைத் திருநாளுக்குள் ஆசிட் போட்டுக் கழுவி, சிமெண்டு பூசிப் புதுசாக்கிவிடலாம் என்கிறார் கொத்தனார். செய்யலாமா?

பதில்: ஆசிட்டைத் தொடவே தொடாதீர்கள். பளிங்கு சுண்ணாம்புச் சத்துள்ள கல். ஆசிட் பட்டதும் பொங்கும் நுரையைப் பார்த்து அழுக்கு போகிறது என்று நினைப்போம், ஆனால் கரைவது கல்தான். குன்னூரில் ஒரு குடும்பம் இப்படித்தான், நல்ல மனதோடு, தங்கள் பாட்டியின் கல்லைக் கழுவியிருந்தது. கல் வெள்ளை வெளேரென்று இருந்தது. பிறந்த வருடத்தில் 18 மட்டும் தெரிந்தது, அடுத்த இரண்டு எண்கள் விரலால் தடவிப் பார்த்தும் கிடைக்கவில்லை.

வெறும் தண்ணீரும் மென்மையான பிரஷ்ஷும் போதும். கல்லை நன்றாக நனைத்து ஊறவிட்டு, கீழிருந்து மேலாகத் தேயுங்கள். கற்பாசியை மூங்கில் சிம்பால் மெதுவாக நெம்பலாம், வராததை விட்டுவிடுங்கள். கம்பி பிரஷ், பிளீச்சிங் பவுடர் இரண்டும் கூடாது. கல்லே மாவாக உதிர்ந்தால் தண்ணீரும் வேண்டாம்.

எழுத்து படிக்க முடியவில்லையா? பொழுது சாய்ந்த பிறகு ஒரு டார்ச்சைக் கல்லின் பக்கவாட்டில், எழுத்துள்ள முகப்பை ஒட்டிப் பிடித்துப் பாருங்கள். பகலில் ஒன்றுமே தெரியாத கல்லில் நிழல் விழுந்து பெயர் எழுந்து வரும். உடனே படம் எடுத்துக்கொள்ளுங்கள். எந்தக் கல்லையும் அசைக்கும் முன் பதினான்குக்கும் எண் போட்டு, எது எங்கே என்று ஒரு தாளில் வரைந்துவிடுங்கள். மங்கிய பெயர்களுக்கு உங்கள் சபையின் அடக்கப் பதிவேட்டையும் பார்க்கலாம்.

உண்ணிச்செடி விஷயம். திறந்த இடத்தில் தரைக்கு இரண்டு அங்குலம் கீழே ஆணிவேரை வெட்டிச் செடியைத் தலைகீழாகக் கவிழ்த்துவிட்டால் பெரும்பாலும் திரும்பத் துளிர்க்காது. கல்லறையின் இடுக்கில் இறங்கியதைப் பிடுங்காதீர்கள், காரையோடு கல்லும் பெயர்ந்து வரும். தண்டை ஒட்ட வெட்டிவிட்டு, துளிர்க்கும்போதெல்லாம் கிள்ளி எறியுங்கள். புதரில் கரடி படுத்திருக்கலாம், அதனால் நாலு பேராக, சத்தம் போட்டுக்கொண்டு போங்கள். சீகை (வாட்டில்) மரமோ வேறு மரமோ வளர்ந்து நின்றால் கோடாலி வைக்கும் முன் வனத்துறையில் கேளுங்கள். 1955ஆம் ஆண்டு மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டம் பட்டா நிலத்துக்கும் பொருந்தும்.

அப்புறம் சிமெண்டு. பழைய கல்லறைகள் செங்கல்லும் சுண்ணாம்புக் காரையுமாகக் கட்டியவை. உள்ளே போன ஈரம் காரை வழியே மூச்சு விட்டு வெளியேறும். மேலே சிமெண்டு பூசினால் ஈரம் உள்ளேயே அடைபட்டு, உப்புப் பூத்து, செங்கல் பொடியாகும். நீற்றி மூன்று வாரமாவது ஊறிய சுண்ணாம்பு ஒரு பங்குக்கு, சலித்த மணலும் செங்கல் தூளுமாக மூன்று பங்கு சேர்த்துப் பூசச் சொல்லுங்கள். பூசியதும் ஒரு வாரம் ஈரச்சாக்கு போட்டு மூட வேண்டும். கோத்தகிரியில் அக்டோபர், நவம்பரில்தான் மழை கொட்டும், அதன் பின்னால் பனி. எனவே காரை வேலை பிப்ரவரியில் தொடங்கட்டும்.

லேசாகச் சாய்ந்த கல் ஆடாமல் நின்றால் அப்படியே விடுங்கள். மூன்றடிக்கு இரண்டடி, மூன்று அங்குலக் கனத்தில் ஒரு பளிங்குப் பலகை 110 கிலோவுக்கு மேல் இருக்கும், இரண்டு ஆள் தூக்குகிற காரியமல்ல. உடைந்த துண்டுகளைச் சரளைக்கல் பரப்பி, தண்ணீர் வடியும் சாய்வில் கிடத்தி வையுங்கள். ஒட்டும் வேலையைக் கல்வேலை தெரிந்தவரிடம் பிறகு கொடுக்கலாம்.

இந்தத் திருநாளுக்கு நடைபாதையைத் திறந்து, புதரை வெட்டி, மேல்புறத்தில் மழைநீர் திரும்பிப் போக ஓர் அடி ஆழத்தில் வாய்க்கால் எடுத்தால் போதும். கல்லறைகளை ஒட்டித் தோண்ட வேண்டாம்.

ஒன்று மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். சுத்தம் செய்யும்போது தலைமாட்டில் ஒன்று, கால்மாட்டில் ஒன்று என்று எழுத்தில்லாத காட்டுக்கற்கள் நட்டிருக்கும், பெரும்பாலும் குழந்தைகளுடையவை. குப்பையென்று அள்ளிவிடுவார்கள். ஆள் இறங்கும் முன் வீட்டின் மூத்த அத்தையையோ பாட்டியையோ அங்கே கூட்டிப்போய், அவர் காட்டுகிற ஒவ்வொரு கல்லிலும் ஒரு வெள்ளைத் துணி கட்டிவிடுங்கள்.