மனசுக்கு யாரைப் பார்ப்பது?

வாசகர் கேள்விகள், மனநலக் குழுவின் பதில்கள்

கேள்வி: நாலு மாதமாகத் திடீர் திடீரென்று நெஞ்சு படபடக்கிறது, கை வியர்க்கிறது, இந்த நிமிஷமே செத்துப்போவேன் என்று தோன்றுகிறது. பஸ் ஏறவே பயம். இ.சி.ஜி., தைராய்டு எல்லாம் பார்த்தாயிற்று, கோளாறு எதுவும் இல்லை. டாக்டர் 'கவுன்சலிங் போங்கள்' என்றார். வீட்டில் 'உனக்கு என்னட்டி குறை?' என்கிறார்கள். பாளையங்கோட்டையில் விதவிதமாகப் போர்டு தொங்குகிறது. எந்தப் படி ஏறுவது?
– வாசகி, கல்லிடைக்குறிச்சி

பதில்: கடிதத்தை வைத்து நோயை உறுதி செய்ய முடியாது. ஆனாலும் நீங்கள் எழுதியிருப்பது பேனிக் அட்டாக் போலத்தான் இருக்கிறது. அது சிகிச்சைக்கு நன்றாகக் கட்டுப்படும்.

முதலில் போர்டைப் படிக்கலாம். சைக்யாட்ரிஸ்ட் என்பவர் எம்.பி.பி.எஸ். முடித்து, மனநலத்தில் எம்.டி., டி.பி.எம். அல்லது டி.என்.பி. படித்த மருத்துவர். மருந்து எழுதுபவர் இவர்தான். கிளினிகல் சைக்காலஜிஸ்ட் மருந்து எழுதமாட்டார். பேச்சு வழியாகச் சிகிச்சை தருவார், உளவியல் சோதனைகள் செய்வார். இவர்களில் பலர் இரண்டு வருட எம்.ஃபில். படித்தவர்கள். இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு எண் வாங்கியிருக்க வேண்டும். அந்த எண்ணைக் கேளுங்கள். கவுன்சிலின் இணையதளத்தில் பெயரைப் போட்டும் பார்க்கலாம். 'கவுன்சலர்' போர்டில்தான் கவனம் வேண்டும். முதுகலை முடித்து வருடக்கணக்கில் பயிற்சி பெற்றவரும் அதை மாட்டுகிறார், சில வார வகுப்புக்குப் போய்ச் சான்றிதழ் வாங்கியவரும் மாட்டுகிறார். பெயருக்கு முன்னால் 'டாக்டர்' என்று இருப்பதை வைத்தும் முடிவு செய்யாதீர்கள், அது பி.எச்டி. பட்டமாக இருக்கலாம்.

போகும் முன் போனில் சிலவற்றைக் கேட்டுவிடுங்கள்: எங்கே பயிற்சி பெற்றீர்கள், பேனிக் அட்டாக்குக்குச் சிகிச்சை கொடுத்திருக்கிறீர்களா, என்ன முறை, ஒரு சிட்டிங் எவ்வளவு நேரம், கட்டணம் என்ன, வர முடியாவிட்டால் பணம் பிடிப்பீர்களா. முறை பற்றிய கேள்விக்கு 'சி.பி.டி.' (எண்ணங்களையும் நடந்துகொள்ளும் விதத்தையும் மாற்றப் பழக்கும் பேச்சுச் சிகிச்சை) என்றோ, பயத்தைப் படிப்படியாக எதிர்கொள்ளும் பயிற்சி என்றோ தெளிவான பதில் வந்தால் நல்லது. 'மூணே சிட்டிங்கில் அடியோடு போயிரும்' என்பவரையும், பத்து சிட்டிங்குக்கு முன்பணம் கேட்பவரையும் விட்டுவிடலாம்.

செலவு கட்டாது என்றால் ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரி (திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை) மனநலப் பிரிவில் காலை ஓ.பி. பாருங்கள். பஸ் பயம் பெரிதாக இருந்தால் அம்பாசமுத்திரம் அரசு மருத்துவமனையில் கேளுங்கள். மாவட்ட மனநலத் திட்டத்தில் தாலுகா மருத்துவமனைகளுக்குக் குறிப்பிட்ட நாட்களில் மனநல மருத்துவர் வருவது வழக்கம். எந்த நாள் என்று முதலிலேயே விசாரித்துக்கொண்டால் வீண் அலைச்சல் இல்லை.

சி.பி.டி. என்றால் வாரம் ஒருமுறை, முக்கால் மணியிலிருந்து ஒரு மணி நேரம். இந்தத் தொல்லைக்குப் பொதுவாகப் பத்திலிருந்து பதினைந்து சிட்டிங் வரை போகும். ஒரு நோட்டு போடச் சொல்வார்கள்: எப்போது வந்தது, எங்கே இருந்தீர்கள், என்ன நினைத்தீர்கள், எத்தனை நிமிஷம் நீடித்தது. பிறகு பஸ் பயிற்சி. முதலில் வீரவநல்லூர் வரை, அது பழகியதும் சேரன்மகாதேவி, அப்புறம் திருநெல்வேலி. படபடப்பு வந்தாலும் நடுவில் இறங்கக் கூடாது என்பதுதான் இதில் முக்கியம். பயம் பெரும்பாலும் பத்து நிமிஷத்துக்குள் உச்சத்துக்குப் போய்த் தானாக இறங்கும். பயம் இறங்குவதை உடம்பு ஒருமுறை பார்த்தால்தான் நம்பும். பஸ்ஸிலிருந்து பாதியில் இறங்கிவிட்டால், 'இறங்கியதால் தப்பித்தேன்' என்று மூளை எழுதிக்கொள்ளும். கையில் தண்ணீர் பாட்டில், கூட ஒரு ஆள், பர்ஸில் ஒரு மாத்திரை என்று எப்போதும் துணை தேடுவதும் அப்படித்தான். இவற்றையும் மெல்ல மெல்லக் குறைக்கச் சொல்வார்கள்.

மெடிக்கலில் யாரோ சொன்னார்கள் என்று அல்பிரசோலம் என்ற பதற்றம் தணிக்கும் மாத்திரையை வாங்கிப் போடாதீர்கள். அரை மணியில் அடக்கும், அதனாலேயே பழக்கமாகும். ஏற்கெனவே தினமும் போட்டுவந்தால் சட்டென்று நிறுத்தவும் கூடாது. மருத்துவர் சொல்லும் அளவில் குறைத்து வர வேண்டும்.

கேள்வி: மகனுக்கு 22 வயது. படிப்பு முடித்து ஒரு வருடமாகக் கதவைச் சாத்திக்கொண்டு இருக்கிறான். கோயில் கொடையில் சாமியாடியிடம் குறி கேட்டோம், கஷாயமும் கொடுத்தோம். இப்போது டாக்டரிடம் வரச் சம்மதித்திருக்கிறான். நானும் உள்ளே போய் எல்லாவற்றையும் சொல்லலாமா? அவன் சொல்வதை எங்களிடம் சொல்வார்களா?
– வாசகர், வள்ளியூர்

பதில்: முதல் சந்திப்பில் உங்களைப் பத்து, பதினைந்து நிமிஷம் கூப்பிட்டுக் கேட்பார்கள். தூக்கம், சாப்பாடு, எப்போது மாறினான், குடும்பத்தில் வேறு யாருக்காவது இப்படி இருந்ததா என்பதையெல்லாம் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். மீதி நேரம் அவனுடையது. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டப்படி அவன் சொன்னது ரகசியம். உயிருக்கு ஆபத்து, பிறருக்குத் தீங்கு, நீதிமன்ற உத்தரவு போன்ற சில நிலைகளில்தான் விலக்கு உண்டு. வெளியே வந்ததும் 'என்னல கேட்டாரு?' என்று துருவாதீர்கள். இரண்டாம் முறை வரமாட்டான்.

குறி கேட்டதைச் சொல்லக் கூச்சப்பட வேண்டாம், டாக்டருக்கு அது புதிதல்ல. கஷாயத்தில் என்ன போட்டது என்பதைக் கட்டாயம் சொல்லுங்கள், மருந்தோடு சேராமல் போகலாம். தனியாகப் பேசுகிறான், காதில் குரல் கேட்கிறது என்கிறான், நாள்கணக்கில் தூங்கவில்லை, சாவைப் பற்றிப் பேசுகிறான் என்றால் கவுன்சலிங்குக்குத் தேதி வாங்கிக் காத்திருக்காமல் அன்றைக்கே மனநல மருத்துவரிடமோ அரசு மருத்துவமனை அவசரப் பிரிவுக்கோ கூட்டிப் போங்கள். நடுராத்திரி என்றாலும் 14416-க்குப் போன் போடலாம்; அது டெலி மானஸ், அரசின் மனநல உதவி எண், தமிழில் பேசுவார்கள், கட்டணம் இல்லை.

கேள்வி: வீட்டில் பீடி சுற்றுகிறேன், வீட்டுக்காரர் சவுதியில். வெளியே போனால் யாராவது பார்ப்பார்கள். போனிலேயே சிகிச்சை எடுக்கலாமா?
– வாசகி, மேலப்பாளையம்

பதில்: எடுக்கலாம். மனச்சோர்வு, பதற்றத்துக்கு வீடியோ வழி சிகிச்சை நன்றாகவே பலன் தரும். மற்றவர் காதில் விழாத இடம்தான் சிக்கல். மொட்டை மாடி, பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் இருக்கும் நேரம், காதில் ஹெட்போன் என்று பாருங்கள். யாராவது பக்கத்தில் வந்தால் சொல்ல ஒரு வார்த்தையை முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள்; 'பீடித் தட்டு கொண்டு போகணும்' என்றால் அவர் பேச்சை மாற்றிக்கொள்வார்.

கேள்வி: ஆறு சிட்டிங் ஆகிவிட்டது. பேசிவிட்டு வந்தால் அன்றைக்கு இலகுவாக இருக்கிறது, மறுநாள் பழையபடி. ஆளை மாற்றலாமா?
– வாசகர், தென்காசி

பதில்: முதலில் இதே வாக்கியத்தை அவரிடமே சொல்லுங்கள். நல்ல தெரபிஸ்ட் கோபப்பட மாட்டார். எதை நோக்கிப் போகிறோம் என்பதை மறுபடி பேசி முறையை மாற்றிப் பார்ப்பார், தேவைப்பட்டால் மருந்துக்கு அனுப்புவார். நீங்களும் ஒன்றைப் பார்க்க வேண்டும்: அவர் கொடுத்த வீட்டுப் பயிற்சியைச் செய்தீர்களா? வாரத்துக்கு 168 மணி நேரம், அதில் அவரோடு ஒன்றுதான்.

சொன்ன பிறகும் இரண்டு, மூன்று சிட்டிங்கில் அசைவு இல்லை என்றால் மாற்றுங்கள், அதில் துரோகம் ஏதும் இல்லை. உங்களைத் திட்டினால், சாதி, மதம், கல்யாணம் பற்றித் தீர்ப்புச் சொன்னால், தன் சொந்தக் கதையே பேசினால், தொட்டுப் பேசினால் காத்திருக்கவே வேண்டாம். சோதனை அறிக்கைகள், மருந்துச் சீட்டுகள், நடந்த சிகிச்சையின் சுருக்கம் ஆகியவற்றைக் கேட்டு வாங்கிக்கொண்டு போங்கள். புதியவரிடம் முதலிலிருந்து எல்லாவற்றையும் சொல்ல வேண்டியிராது.