1942-ல் ஜப்பான் தமிழகக் கரையில் இறங்கத் திட்டமிட்டதா?

"ஜப்பான்காரன் வர்றான்னு பட்டணமே காலியாச்சு" என்று மதுரையில் உங்கள் அப்பத்தா சொன்னதாக எழுதிக் கேட்டிருந்தீர்கள். சென்னைப் பட்டணம் காலியானதாக அவர் சொன்னது உண்மைதான். ஆனால் படை இறக்கும் திட்டம் எதுவும் அப்போது இல்லை.

பிப்ரவரி 15-ல் சிங்கப்பூர், மார்ச் 8-ல் ரங்கூன், மார்ச் 23-ல் அந்தமான் என்று வரிசையாக விழுந்தன. பர்மாவிலிருந்து தப்பி மதுரை, ராமநாதபுரம் பக்கம் திரும்பியவர்கள் அந்தப் பயத்தையும் கூடவே கொண்டுவந்தார்கள். அப்புறம் ஏப்ரல் 5-ல் கொழும்பிலும், மறுநாள் விசாகப்பட்டினம், காக்கிநாடாவிலும் குண்டு விழுந்தது. அடுத்தது சென்னை என்று யாருக்குத்தான் தோன்றாது?

சரி, உளவுக் கணிப்பில் எதைப் பார்க்க வேண்டும்? படையேற்றும் கப்பல்களை. ஒரு கரையைப் பிடிக்க ஆள், பீரங்கி, சாப்பாடு எல்லாமே கடல்வழியாக வந்தாக வேண்டும். கொழும்பைத் தாக்கிய ஜப்பானியக் கடற்படைத் தளபதி நகுமோவிடம் 5 விமானந்தாங்கிக் கப்பல்கள் இருந்தன. தரையிறக்கப் படை இல்லை. ஜப்பானியக் கடற்படையில் சிலர் இலங்கையைப் பிடிக்க விரும்பினார்கள், தரைப்படை அதற்கு ஆள் தர மறுத்துவிட்டது.

இலங்கைத் தாக்குதலை பிரிட்டிஷார் ஜப்பானியரின் சங்கேதச் செய்திகளை உடைத்து முன்பே அறிந்திருந்தார்கள். வங்காள விரிகுடாவைக் கண்காணிக்கத்தான் போதிய விமானங்கள் இல்லை. அதனால், படைக்கப்பல்கள் வருவதாக வந்த பிழையான தகவலை நம்பி, சென்னை அரசு அலுவலகங்களை உள்நாட்டு ஊர்களுக்கு மாற்றியது. அதைக் கோழைத்தனம் என்பதை நான் ஏற்கவில்லை. எதிரியின் எண்ணம் தெரியாதபோது, அவனால் என்ன முடியும் என்பதை வைத்துத்தான் முடிவெடுத்தார்கள்.