பட்டி பூசுவதற்கு முன்னால்: பழைய காரும் துருவும்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதி துருவைப் பற்றித்தான். வாசகர்களின் பெயரை விட்டுவிட்டு ஊரை மட்டும் போட்டிருக்கிறோம்.

அண்ணாச்சி, என்னிடம் இருப்பது 1999 மாருதி 800. டிரைவர் பக்கம் கதவுக்குக் கீழே ஓடும் ரன்னிங் போர்டில் உள்ளங்கை அகலத்துக்கு ஓட்டை. மேட்டைத் தூக்கினால் காலடித் தகட்டில் ஒரு ரூபாய்க் காசு அளவில் இரண்டு ஓட்டை, ரோடு தெரியுது. பட்டறையில், ‘ஃபைபர் மேட் ஒட்டி, பட்டி வச்சு, பெயிண்ட் அடிச்சுத் தாறோம், எட்டாயிரம் ஆகும்’ என்கிறார்கள். கையில் பத்தாயிரம்தான் இருக்கு. கொடுக்கலாமா?
– உவரி வாசகர்

கொடுக்காதீர்கள். அந்த எட்டாயிரம் ஐப்பசி மழை வரைக்கும்தான் தாங்கும்.

மாருதி 800க்குத் தனி சேசிஸ் (அடிச்சட்டம்) கிடையாது. உள்தகடும் வெளித்தகடும் சேர்ந்து மூடிய பெட்டியாக இருக்கும் அந்த ரன்னிங் போர்டுதான் வண்டியின் பாரத்தைத் தாங்குகிறது. துரு அந்தப் பெட்டிக்குள்ளே பிறந்து வெளியே வந்திருக்கிறது. வெளியே உள்ளங்கை அளவு என்றால் உள்ளே முழ நீளத்துக்கு அரித்திருக்க வாய்ப்பு உண்டு. அதன் மேல் பட்டி (பள்ளத்தை நிரப்பும் பசை) வைத்தால் பட்டி ஈரத்தை உறிஞ்சும், அடியில் துரு தன் வேலையைப் பார்க்கும், ஒரு நாள் பட்டி மொத்தமாகப் பாளமாய்க் கழன்று விழும். ஃபைபர் மேட்டும் துருவேறிய தகட்டில் ஒட்டாது. ஒட்டினாலும் பாரம் தாங்காது.

முதலில் துருவின் எல்லை எதுவரை என்று பாருங்கள். பெரிய ஸ்க்ரூடிரைவரின் பிடியால் ரன்னிங் போர்டை முன்சக்கரத்திலிருந்து பின்சக்கரம் வரை இரண்டு விரல்கடைக்கு ஒரு தட்டு தட்டுங்கள். நல்ல தகடு ‘ணங்’ என்று பேசும். அரித்த இடம் ‘பொத்’ என்கும். சந்தேகமான இடத்தில் முனையால் குத்துங்கள். இறங்கினால் சாக்பீஸால் கோடு போடுங்கள். ஜாக்கி வைக்கும் இடத்தையும் பின்சக்கரத்துக்கு முன்னால் உள்ள மூலையையும் விட்டுவிடாதீர்கள். துரு எல்லை தெரியாமல் ரேட் பேசினால், வெட்டிய பிறகு ரேட் ஏறும்.

அடுத்தது வெட்டு. கோட்டுக்கு வெளியே ஒரு அங்குலம் தள்ளி, தகடு பளிச்சென்று வெள்ளையாகத் தெரியும் இடம் வரை வெட்ட வேண்டும். பாதி துருவேறிய விளிம்பில் வெல்டிங் பிடிக்காது, பொத்துக்கொண்டே போகும். ஒட்டுத் தகடு 20 கேஜ் சி.ஆர். ஷீட் (பூச்சில்லாத சாதாரண இரும்புத் தகடு) போதும். துத்தநாகம் பூசிய ஜி.ஐ. ஷீட் துருப்பிடிக்காதே என்று சிலர் கேட்பார்கள். வெல்டிங் சூட்டில் அதன் துத்தநாகம் புகையாகிப் போய்விடும், அந்தப் புகையை இழுத்தவருக்கு ராத்திரி குளிர் காய்ச்சல் வரும்.

வெல்டிங் சி.ஓ.2 மெஷினில்தான் (வாயு மறைப்பில் மெல்லிய கம்பி ஓடும் மின் வெல்டிங்) நடக்க வேண்டும். கேஸ் வெல்டிங்கில் தகடு நெளிந்துவிடும், சுற்றி ஒரு சாண் தூரத்துக்கு உள்பக்கப் பெயிண்டும் கருகிவிடும். அடுத்த துரு அங்கே ஆரம்பிக்கும். சாதாரண ஆர்க் ராடு இந்தத் தகட்டைத் துளைத்துவிடும். ஒட்டுத் தகடு பழைய தகட்டின் மேல் அரை அங்குலம் ஏறி உட்காரட்டும். ஒரே இழுப்பாக வெல்டிங் ஓட்டாமல் இந்த மூலையில் ஒரு டாக் (புள்ளி வெல்டிங்), அந்த மூலையில் ஒரு டாக், பிறகு நடுவில் என்று சூடு பரவ விட்டுப் போடச் சொல்லுங்கள். நீளமாக வெட்ட வேண்டி வந்தால் கதவை மூடித் திறந்து பார்த்துக்கொண்டே டாக் அடிக்க வேண்டும். பாடி ஒரு நூல் இறங்கினாலும் கதவு பிடிக்கும், பிறகு அதைச் சரிசெய்ய ஆகும் செலவு தனி.

வெல்டிங்குக்கு முன் பேட்டரியின் இரண்டு கம்பியையும் கழற்றுங்கள். கார்புரேட்டர் இல்லாத எம்.பி.எஃப்.ஐ. வண்டியானால் எஞ்சினை நடத்தும் கம்ப்யூட்டரான இ.சி.யூ.வின் சாக்கெட்டையும் உருவிவிடுங்கள். சீட், மேட், மேட்டுக்கு அடியில் உள்ள கருப்புப் பஞ்சு எல்லாம் வெளியே வரட்டும். பெட்ரோல் பைப் பக்கத்தில் போகிறதா என்று குனிந்து பாருங்கள். நனைத்த சாக்கும் ஒரு வாளித் தண்ணீரும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். இதைச் சொன்னால் சிரிக்கிற பட்டறையில் வண்டியை விடவேண்டாம்.

வெல்டிங் ஆறியதும் மூட்டில் சீலன்ட், மேலே எபாக்சி பிரைமர் இரண்டு கோட், அடிப்பக்கம் அண்டர்பாடி கோட்டிங். பெட்டியின் உள்பக்கத்தை யாரும் பார்ப்பதில்லை, அதனால் யாரும் செய்வதும் இல்லை. காய்ந்த பிறகு ரப்பர் மூடிகளைக் கழற்றி, கேவிட்டி வாக்ஸ் (பொந்துக்குள் அடிக்கும் மெழுகு) ஸ்பிரேயை நீள ட்யூபால் உள்ளே அடியுங்கள். அது கிடைக்கவில்லையென்றால் புது எஞ்சின் ஆயிலை ஒரு பக்கத்துக்கு 150 மி.லி. போல ஆயில் கேனால் விடலாம். இரண்டு நாள் சொட்டும், கீழே சாக்கு விரியுங்கள். ரன்னிங் போர்டின் அடியில் தண்ணீர் வடியும் சிறு துளைகள் இருக்கும். கோட்டிங் அடித்தவர் அவற்றை அடைத்துவிட்டாரா என்று கம்பி விட்டுப் பார்க்காமல் வண்டியை எடுக்காதீர்கள். அடைத்த துளை, துரு இல்லாத வண்டியையும் மூன்று மழையில் கெடுக்கும்.

காலடித் தகட்டில் உள்ள ஓட்டை வேறு கதை. அங்கே தண்ணீர் பெரும்பாலும் மேலிருந்து வந்திருக்கும்: கண்ணாடியைச் சுற்றிய ரப்பர் பீடிங், கதவுக்குள் கிழிந்த பிளாஸ்டிக் ஷீட், ஏ.சி. இருந்தால் அதன் வடிகுழாய். ஒருவர் உள்ளே டார்ச்சோடு உட்கார, இன்னொருவர் வெளியே ஹோஸில் மெதுவாகத் தண்ணீர் விடட்டும். கண்ணாடியின் கீழ் விளிம்பில் ஆரம்பித்து மேலே போங்கள். மேலிருந்து ஊற்றினால் எங்கே ஒழுகுகிறது என்று தெரியாது. ஒழுகலை அடைக்காமல் தகடு போடுவது தண்டம்.

பத்தாயிரத்தில் பாதிக்கு மேல் வெட்டுக்கும் வெல்டிங்குக்கும் போகட்டும். மிச்சம் எபாக்சி, சீலன்ட், அண்டர்பாடிக்கு. கலர் மேட்ச் வேண்டாம். ரன்னிங் போர்டுக்குக் கீழே கருப்பு அடித்தால் யாருக்கும் தெரியாது. ஊர்க்காரர் கேட்டால் ஃபேஷன் என்று சொல்லிக்கொள்ளுங்கள்.

கதவின் கீழ்விளிம்பில் பெயிண்ட் கொப்புளம் கொப்புளமாக எழும்பியிருக்கு. வீட்டிலேயே சரிசெய்யலாமா? என்னென்ன வாங்கணும்?
– பாளையங்கோட்டை வாசகர்

கொப்புளம்தான் என்றால் தாராளமாகச் செய்யலாம். ஆனால் தூரிகையைத் தொடும் முன் கதவின் அடியில் உள்ள வடிதுளைகளைத் துடைப்பக் குச்சியால் குத்திச் சுத்தம் செய்யுங்கள். பெரும்பாலும் காய்ந்த இலையும் செம்மண்ணும் பொங்கல் கட்டி மாதிரி வந்து விழும். கண்ணாடி வழியாக இறங்கும் மழைத்தண்ணீர் அதன் மேல்தான் தேங்கி நின்றது.

வாங்க வேண்டியவை: 80, 180, 320, 600 நம்பர் வாட்டர் பேப்பர் இரண்டிரண்டு, ஒரு வயர் பிரஷ், ரஸ்ட் கன்வர்ட்டர் சிறிய பாட்டில், எபாக்சி பிரைமர் சிறிய செட், தேவைக்கு அரைக் கிலோ பட்டி, தின்னர், கலர் ஸ்பிரே, கிளியர் ஸ்பிரே. கண்ணுக்குக் கண்ணாடி, கைக்கு உறை.

கொப்புளத்தை உடைத்து, சுற்றி நல்ல பெயிண்ட் தெரியும் இடத்துக்கும் ஒரு அங்குலம் தாண்டி 80 நம்பரால் தேயுங்கள். பொருக்காக நிற்கும் துரு முழுக்கப் போய்விட வேண்டும். குழிகளுக்குள் கருப்புப் புள்ளியாக இறுகி நிற்பது மட்டும் மிஞ்சும். கன்வர்ட்டர் அந்தப் புள்ளிகளுக்கு மட்டும்தான். துருவோடு சேர்ந்துதான் அது கருப்புப் படலமாக மாறும். உதிரும் துருவின் மேல் பூசினால் துருவோடு சேர்ந்தே உதிரும். ஒரு நாள் காய விடுங்கள்.

பட்டி வைப்பதானால் எபாக்சி அடித்து, காய்ந்து, அதன் மேல். வெறும் தகட்டில் வேண்டாம். ஹார்டனர் எடையில் நூற்றுக்கு இரண்டு: எலுமிச்சை அளவு பட்டிக்கு இரண்டு கொண்டைக்கடலை அளவு. கூடினால் பின்னாளில் பெயிண்டில் கறை கசியும். குறைந்தால் உள்ளே பிசுபிசுவென்றே கிடக்கும். பழைய பழக்கத்தில் ரெட் ஆக்சைடு மட்டும் அடித்து விட்டுவிடுகிறார்கள். அதில் ஈரம் ஊடுருவும். ஜன்னல் கம்பிக்குச் சரி, கார் கதவுக்குப் போதாது.

தேய்த்த இடத்தை விரலால் தடவி ‘வழவழ’வென்று ரசிக்காதீர்கள். வியர்வையிலும் உப்பு இருக்கிறது. கன்வர்ட்டர் காய்ந்ததும் தின்னர் துணியால் துடைத்து அன்றைக்கே பிரைமர் அடித்துவிடுங்கள். காலை ஒன்பதிலிருந்து மூன்று மணிக்குள் வேலை முடியட்டும். தென்காசி, செங்கோட்டைப் பக்கத்தவர்கள் ஆனி, ஆடியில் இதை ஆரம்பிக்கவே வேண்டாம். சாரல் காற்றில் ஸ்பிரே வெளுத்துப் புகை படிந்தது போலாகும்.

திசையன்விளையில் இருக்கிறோம். வாரம் ஒருமுறை தவறாமல் வண்டியைக் கழுவுறேன், கவரும் போட்டு வைக்கேன். அப்படியும் துரு ஏறுதே, ஏன்?
– திசையன்விளை வாசகர்

எந்தத் தண்ணீரில் கழுவுகிறீர்கள்? போர் தண்ணீரை ஒரு கண்ணாடித் தட்டில் ஊற்றி வெயிலில் வையுங்கள். வற்றிய பிறகு வெள்ளையாகப் படிந்தால், நீங்கள் வாரம் ஒருமுறை வண்டிக்கு உப்புப் பூசிக்கொண்டிருக்கிறீர்கள். உப்பு தானாகக் காயாது. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் அதுவே காற்றிலிருந்து நீரை இழுத்துக்கொள்ளும். கடற்கரையில் பல இரவுகள் அப்படித்தான். கழுவுவது போர் தண்ணீரில் இருக்கட்டும், கடைசி இரண்டு வாளி தாமிரபரணிக் குடிநீர் அல்லது பிடித்து வைத்த மழைநீர். அதில் ஒரு வாளி சக்கர வளைவுகளுக்குள்ளும் அடியிலும் போகட்டும், வெளிப்பக்கம் மின்ன வேண்டியதில்லை. கவர் போடுவது வண்டி நன்றாகக் காய்ந்த பிறகு. ஈரத்தோடு மூடினால் அது இட்லிப் பானைதான்.

இன்னொன்று. ஆடிக் காற்றில் தேரி (செம்மணல் மேடு) மணல் பறந்து வந்து பானெட்டின் முன்விளிம்பிலும் சக்கரத்துக்குப் பின்னாலும் பொடிப்பொடியாகப் பெயிண்டைக் கொத்தும். ஆவணி பிறந்ததும் ஒருநாள் குனிந்து பார்த்து, கொத்திய புள்ளிகளில் டச்-அப் பெயிண்டைத் தீக்குச்சி முனையால் வையுங்கள்.

வேஸ்ட் ஆயிலையும் டீசலையும் கலந்து அடியில் ஸ்பிரே அடித்தால் துரு பிடிக்காது என்கிறார்களே?
– அம்பாசமுத்திரம் வாசகர்

தகட்டுக்குக் கொஞ்ச நாள் நல்லது, மற்ற எல்லாவற்றுக்கும் கெடுதல். புஷ், பூட் ரப்பர்கள் ஊதிப்போகும். பிரேக் டிரம்மில் இறங்கினால் பிரேக் பிடிக்காது. சைலன்சரில் பட்டால் புகையும். எரிந்த ஆயிலில் அமிலம் வேறு. களிமண்ணோடு சேர்ந்து கெட்டியாகி, ஈரத்தைப் பிடித்து வைக்கும் பற்றாகவும் மாறும். வயல் மண்ணில் வண்டி தடம் விட்டுப் போவதைச் சொல்லவே வேண்டாம்.

புளியும் உப்பும் போட்டுத் தேய்த்தால் துரு போகுமா?
– வீரவநல்லூர் வாசகர்

புளி துருவைக் கரைக்கும். உப்பு அடுத்த துருவை அழைத்து வரும். கழற்றி ஊறவைக்க முடிகிற நட்டு, போல்ட்டுக்கு உப்பில்லாமல் புளித்தண்ணீர் ஒரு ராத்திரி. பிறகு சோடா உப்புத் தண்ணீரில் அலசி, உலர்த்தி, எண்ணெய் தடவுங்கள். பாடியில் வேண்டாம், மடிப்புக்குள் இறங்கிய புளியை வெளியே எடுக்க முடியாது. அம்பாசடர் மாதிரிப் பழைய வண்டியின் குரோம் பம்பருக்கு அலுமினியம் ஃபாயிலைக் கசக்கி, தண்ணீர் தொட்டுத் தேய்த்தால் போதும்.

2023 வெள்ளத்துக்குப் பிறகு ஏரல் பக்கம் ஒரு வண்டி மலிவாக வருது. தண்ணியில கிடந்ததா என்று எப்படிக் கண்டுபிடிக்க?
– முக்காணி வாசகர்

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் மட்டும் 95 செ.மீ. கொட்டியது, தாமிரபரணிக் கரையில் நின்ற வண்டிகள் எத்தனையோ முங்கின. மேட்டைக் கழுவி மாற்றியிருப்பார்கள், அதைப் பார்த்து ஏமாற வேண்டாம். சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுங்கள். சுருளுக்குள் கிடக்கும் கடைசி முழத்தில் வண்டல் கோடு தெரியும். சீட் தண்டவாளத்தின் ஸ்ப்ரிங், டேஷ்போர்டுக்கு அடியில் உள்ள ஸ்க்ரூத் தலைகள், ஸ்டெப்னி குழியின் அடி மூலை, ஹெட்லைட்டின் உட்பக்கம், இவற்றை டார்ச் அடித்துப் பாருங்கள். எல்லா ஸ்க்ரூவும் ஒரே உயரம் வரை துருவேறி அதற்கு மேல் பளபளவென்றிருந்தால் தண்ணீர் நின்ற மட்டம் அதுதான். சீட் மட்டத்துக்கு மேல் போயிருந்தால் வயரிங்கும் போச்சு, எந்த விலைக்கும் வேண்டாம்.

என் வண்டிக்குப் பதினைந்து வருஷம் முடியப் போகுது. ஆர்.சி. புதுப்பிக்கச் செலவழிக்கலாமா, எடைக்குப் போட்டுவிடலாமா?
– நாங்குநேரி வாசகர்

புதுப்பித்தால் ஐந்து வருடம் கிடைக்கும், அதனால் கட்டணம் கட்டுவதற்கு முன் மூன்று இடம் பாருங்கள். பானெட்டைத் திறந்தால் இருபுறமும் ஷாக் அப்சார்பர் மேல்முனை வந்து பிடிக்கும் கோபுரம். பின்பக்கம் சஸ்பென்ஷன் பாடியோடு சேரும் இடம். சீட் பெல்ட் நங்கூரம். இவற்றில் பொருக்கு உதிர்ந்தால், ஸ்க்ரூடிரைவர் இறங்கினால், அது வீட்டு வேலையும் இல்லை, சாதாரண டிங்கரிங் வேலையும் இல்லை. கோபுரம் ஒன்று போனாலே செலவு வண்டி விலையைத் தொடும். மூன்றும் நன்றாக இருந்து கதவு, முன் மட்கார்டு, டிக்கி மூடி மட்டும் அரித்திருந்தால் பயப்பட வேண்டாம். அவை போல்ட்டில் கழன்று வருபவை. அதே கலரில் பழைய கதவு கிடைத்தால் பெயிண்ட் செலவும் மிச்சம். வாங்கும் போது அதன் அடி மடிப்பையும் தட்டிப் பார்த்து வாங்குங்கள்.